கீறல் படாத வீடு

அன்புள்ள மகன் முகிலனுக்கு, முடிச்சூரிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அந்த டொராண்டோ குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

நம் வீட்டை விற்க நீ இணையத்தில் போட்ட விளம்பரத்தைப் பார்த்தேன். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்திலும் 'அன்ஸ்கேத்ட்' என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் புரியவில்லை, அடுத்த தெரு எலியேசர் சாரிடம் கேட்டேன். பெரிய ஆபத்தில் மாட்டியும் ஒரு கீறல்கூடப் படாமல் வெளியே வந்தால் அப்படிச் சொல்வார்களாம், விபத்தில் தப்பியவரை, வழக்கில் தப்பியவரை. பிரமாதம். உன் கனடா இங்கிலீஷில் ஹாலுக்குள் மார்பு வரை தண்ணீர் நின்றால் அது கீறல் இல்லையோ? எத்தனை பெயிண்ட் அடித்தாலும் அந்தச் சேற்றுக் கோடு மேலே தெரிகிறது என்று, ஊரோடு ஒத்து நாமும் மார்பளவுக்கு டைல்ஸ் ஒட்டினோமே, மறந்துவிட்டாயா? இந்தத் தெருவில் எந்த வீட்டு ஹாலுக்குள் நுழைந்தாலும் குளிக்க வந்த மாதிரிதான் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், என் பிள்ளை ஒரு ஏரியையே ஒற்றை இங்கிலீஷ் வார்த்தையில் மறைக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வெற்றிவேல் ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தான். அந்தப் பெண் ஹில்டா, இடுப்பில் கைக்குழந்தை. சுவரைத் தடவிப் பார்த்து, "ஏன் ஆன்ட்டி டைல்ஸ் இவ்ளோ ஹைட்டா ஒட்டியிருக்கீங்க" என்று கேட்டாள். வெற்றிவேல் முந்திக்கொண்டு, "அது ஃபேஷன் மேடம்" என்றான். ஃபேஷனாம்! நான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டாரைக் கூட்டிவர அப்பா தண்ணீரில் இறங்கியதையும், காலில் கம்பி குத்தியதையும், சர்க்கரை உடம்பில் புண் ஆறாமல் இரண்டு விரலை எடுத்ததையும் சொன்னேன். காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். "இன்னாம்மா, வர்ற பார்ட்டிய நீங்களே தொரத்திகினு கீறீங்க" என்று வெற்றிவேல் கத்தினான். கத்தட்டும். இந்த வீடு விற்காமல் நாவலூரில் நாம் பார்த்து வைத்த மாடி வீட்டை வாங்க முடியாது, இந்த மழைக்கும் நாங்கள் இங்கேதான், தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக என் பயத்தை ஒரு கைக்குழந்தையின் தலையில் கட்ட என்னால் முடியாது.

விளம்பரத்தில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, தண்ணீர் வந்த வீடு என்று போடு, மறக்காதே. இதுவரை எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டு ஷூவுக்குள் விரல் இல்லாத இடத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு நடக்கப் போய்விட்டார். வெள்ளம் வந்த அன்றைக்கு நீ பெங்களூர் ஹாஸ்டலில் இருந்தாய். இந்தக் குடும்பத்தில் அந்த வார்த்தை பொருந்துகிற ஆள் நீ ஒருவன்தான். கடைசி வரைக்கும் அது உனக்கு அப்படியே பொருந்தட்டும், நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா காந்திமதி