இரண்டு நாற்பத்தொன்று

09-01-2024, செவ்வாய்

காபி ஆறுவதற்குள் தனசேகரன் கூப்பிட்டுவிட்டார். அவர் சென்னையில் இருந்துகொண்டு எங்கள் குழுவை மேய்ப்பவர். நான் கள்ளக்குறிச்சியில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அவருக்குக் கணினி நிரல் எழுதுபவள். சின்னசேலம் சாலையில் உள்ள ஜவ்வரிசி ஆலையில் நேற்று பெரிய தகராறாம். மரவள்ளிக் கிழங்கு இறக்குவதற்கு, விவசாயிகள் போனில் எண் கேட்டு வாங்கும்படி நாங்கள் செய்துகொடுத்த டோக்கன் முறையில், ஒரே எண்ணோடு இரண்டு வண்டி வந்து நின்றிருக்கிறது. இரண்டுக்கும் நாற்பத்தொன்று. முதல் வண்டியை இறக்கிவிட்டு இரண்டாவதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பறித்து இரண்டு நாளான கிழங்கு. அதைக் கொண்டுபோய் என்ன செய்வது? உள்ளே கறுத்துவிட்டால் எந்த ஆலையும் வாங்காது.

"நம்ம மேல தப்பில்ல அமிர்தம். கேட்ல இருக்கிற லேடி ஒரே சீட்டை ரெண்டு தடவை பிரிண்ட் எடுத்துக் குடுத்திருக்காங்க. சிஸ்டத்துல பதிவாயிருக்கு. ஹியூமன் எரர்னு போட்டு புகாரை மூடிடுங்க."

கேட்டில் இருக்கிற லேடி! அவருக்குப் பெயர் இல்லையா? தைலம்மாள். போன ஆவணியில் இரண்டு நாள் அந்தக் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவருக்குத் திரையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான். வடக்கனந்தல்காரர். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர், பத்தாவது தேறியிருந்ததால் இந்த வேலைக்கு வந்தார். ஒரு பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் மூன்று முறை கேட்பார். அவரா?

மூடவில்லை. மூடமாட்டேன்.

10-01-2024, புதன்

வடக்கனந்தல் போய்வந்தேன். தைலம்மாள் அக்கா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கோபம். இருக்காதா பின்னே?

"ரெண்டு பேரும் போன்ல மெசேஜு காட்னாங்க. ரெண்டுலயும் நாப்பத்தொண்ணு. நான் இன்னா பண்றது? ஸ்கேன் பண்ணேன், சீட்டு வந்துச்சு, குடுத்தேன். நீதான சொன்ன, மிசினு சொல்றத நம்புக்கான்னு?"

நான்தான் சொன்னேன்.

ஆலை மேலாளர் சுப்புராயன் இவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டாம் தேதி விசாரணையாம். அதற்குள் தப்பு தன்னுடையது இல்லை என்று தைலம்மாள் காட்டவேண்டுமாம். இல்லாவிட்டால் வேலையும் போகும், போலீசில் புகாரும் போகும். வேண்டியவருக்குச் சீட்டைத் திருடிக் கொடுத்தார் என்று! ஒரு நிரலின் வயிற்றுக்குள் நடந்ததை, கேட்டில் நிற்கும் பெண் எப்படிக் காட்டுவார்? கொஞ்சமாவது நியாயம் வேண்டாமா?

"தெருவுல எல்லாம் பேசிக்கினு இருக்காங்கம்மா. தலகாட்ட முடியல" என்றார். அப்போதுதான் அழுதார்.

12-01-2024, வெள்ளி

தனசேகரனோடு சண்டை. முக்கால் மணி நேரம்.

"ரஸ்ட்ல எழுதினது அமிர்தம். சி-யா இருந்தா நானே சந்தேகப்படுவேன். ரஸ்ட்ல கம்பைலர் விட்டுச்சுன்னா டேட்டா ரேஸ் இருக்கவே முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும் சார். நன்றாகவே தெரியும். ரஸ்ட் மொழியில் எழுதிய நிரலை ஓடவிடுவதற்கு முன் படித்துப் பிழை சொல்வது கம்பைலர்; இரண்டு த்ரெட், அதாவது நிரலுக்குள் பக்கம்பக்கமாக ஓடும் இரண்டு வேலை, ஒரே நேரத்தில் ஒரே நினைவிடத்தைக் குதறாமல் அது காவல் காக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு பேர் ஒழுங்காக, வரிசையாக, பூட்டைத் திறந்து மூடியே ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு போகலாம். அதை எந்தக் கம்பைலர் பிடிக்கும்? இதைச் சொன்னால், "தியரி பேசாதீங்க, நடத்திக் காட்டுங்க" என்கிறார்.

ஒரு மொழியின் மேல் இருக்கும் நம்பிக்கையில் கால்பங்கு ஒரு மனுஷி மேல் கிடையாது இவர்களுக்கு.

13-01-2024, சனி

நடத்திக் காட்ட முடியவில்லை.

என் மடிக்கணினியில் டோக்கன் எண் கேட்டு ஐந்நூறு கோரிக்கை அனுப்பினேன். ஐந்நூறு வேறு வேறு எண்கள். சமர்த்துப் பிள்ளை மாதிரி. ஐந்தாறு த்ரெட் வைத்து அனுப்பினேன். எப்போதோ ஒருமுறை ஓர் எண் இரட்டித்தது, கண்ணால் பார்த்தேன். எங்கே என்று கண்டுபிடிக்க நடுவில் அச்சிடும் வரிகளைப் போட்டேன். உடனே மாயம்! அச்சிடுவதற்கும், ஒரு நேரத்தில் ஒன்றையே உள்ளே விடும் ஒரு பூட்டு உண்டு. எல்லாத் த்ரெட்டும் அதற்காக ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடுகின்றன. வரிகளை எடுத்தால் தப்பு எங்கே என்று தெரியவில்லை, போட்டால் தப்பே இல்லை. கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தும் பிடிபடவில்லை. திருட்டுப் பிழை.

அம்மா, பொங்கலுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், மடிக்கணினியைத் தூக்கு என்கிறாள். அவளிடமும் கத்தினேன்.

15-01-2024, திங்கள்

பொங்கல். தைலம்மாள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லையாம். எனக்கும் இறங்கவில்லை.

17-01-2024, புதன்

மலைக்குப் போனேன். திரும்பிப்போன கிழங்கின் சொந்தக்காரர் வேடியப்பன், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். கறுத்த கிழங்கு கொல்லையில் குவியலாகக் கிடந்தது. ஒன்றை உடைத்துக் காட்டினார். நடுவில் நீலமாகக் கோடு ஓடியிருந்தது.

"பத்து மாசம் வெச்சிருந்தது. ரெண்டு நாள்ல போச்சு. அந்தம்மாவ நான் ஒண்ணும் சொல்லலம்மா. அதுக்கும் எனக்கும் இன்னா பகை? போன்ல வந்த நம்பரத்தான் காட்னேன்."

அந்த எண் எப்போது வந்தது என்று கேட்டேன்.

"வூட்ல ஏது டவரு? வூட்ல அமுக்கி வெச்சுருவோம். அரிசி பருப்பு வாங்க வண்டியில எறங்குவோமே, அப்பப் போய்க்கும்."

போய்க்கும். அதுதான் எனக்கு உறைக்கவில்லை. சிக்னல் இல்லாவிட்டால் கோரிக்கையைப் போனே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பும்படி செய்தது நாங்கள்தான். மலைக்கு உதவி என்று அதைப் பெருமையாக வேறு பேசியிருக்கிறோம்.

அவர்களுடைய பிக்கப் வண்டியிலேயே நானும் இறங்கினேன். பின்னால் பதினோரு பேர். மூட்டை, கோழி, ஒரு கைக்குழந்தை. யாரும் தனியாக இறங்குவதில்லை. வண்டிக்குக் கட்டுபடி ஆகாது. கச்சிராயபாளையம் இறங்குகிற பாதையில் ஒரு வளைவு. வண்டி திரும்பியதும் பதினோரு போனும் சேர்ந்தாற்போல் கத்தின. குழந்தை பயந்து அழுதது. எல்லோரும் சிரித்தார்கள். குஞ்சம்மாள் என்ற அம்மாள், தகராறு நடந்த அன்றைக்கு நாற்பத்தொன்றோடு முதலில் வந்த வண்டி அவருடையது, "டெய்லி இதாம்மா, இந்த எடம் வந்தா எல்லாத்துக்கும் உசுரு வந்துரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு கோரிக்கை, ஒரே நொடியில். நான் மடிக்கணினியில் ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டிருந்தேன். மலை ஒரே மூச்சில் எங்கள் வாயில் திணித்துக்கொண்டிருக்கிறது. ஒருவர், ஒரு போன், ஒரு கோரிக்கை என்று நினைத்த மடையன் யார்? இதை எழுதியவன் கையில் கிடைக்கட்டும்.

18-01-2024, வியாழன்

கிடைத்துவிட்டாள்.

எல்லாத் த்ரெட்டையும் ஒரு கோட்டில் நிறுத்தி ஒன்றாக அவிழ்த்துவிட்டேன். நடுவில் அரை நொடி தாமதமும் வைத்தேன். பதினோரு கோரிக்கை. கொடுத்தது நான்கே எண்கள். நடத்திக் காட்டிவிட்டேன் என்று எழுந்து கை தட்டினேன். பிறகு அந்த வரிகளை யார் எழுதியது என்று பார்க்க, நிரலின் மாற்ற வரலாற்றைத் திறந்தேன்.

அமிர்தம். அக்டோபர் பதினெட்டு.

இதோ நடந்தது, மறக்காமலிருக்க எழுதுகிறேன். எண் கொடுக்கும்போது பூட்டைப் பிடிக்க வேண்டும். கடைசி எண்ணைப் பார்க்க வேண்டும். ஆலை முற்றத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு அடுத்த எண்ணை எழுத வேண்டும். பூட்டைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கக் கம்பைலர் விடவில்லை. பிழை, பிழை, பிழை என்று அன்று முழுக்கத் திட்டியது. அதன் வாயை அடைக்க நான் பூட்டை விட்டேன். காத்திருந்தேன். மறுபடி பிடித்து எழுதினேன். கம்பைலர் வாய் மூடியது. நானும் மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு பலகையில் நாற்பது என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஒருவர் உள்ளே போய் விசாரித்து வருவதற்குள், இன்னொருவரும் அதே நாற்பதைப் பார்த்துவிட்டால்? இரண்டு பேரும் நாற்பத்தொன்று என்றுதானே எழுதுவார்கள்?

சரி என்று கட்டைவிரல் படம் போட்டு அனுமதித்தவர் தனசேகரன். அதனால் என் பங்கு குறைந்துவிடுமா?

கம்பைலர் திட்டினால் திருத்தத் தெரிந்த எனக்கு, அது ஏன் திட்டுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. தூ.

19-01-2024, வெள்ளி

திருத்திவிட்டேன். காத்திருக்கும்போதும் பிடித்துக்கொள்ளக்கூடிய வேறு வகைப் பூட்டு இருக்கிறது. பார்ப்பது, கேட்பது, எழுதுவது மூன்றும் இப்போது அதற்குள். ஒரே எண் இரண்டு முறை சேமிக்க முடியாதபடி தரவுத்தளத்திலும் ஒரு தடை. முதல் நாளே போட்டிருக்க வேண்டியது. நானூறு கோரிக்கையை ஒன்றாக அவிழ்த்து, ஆயிரம் முறை ஓட்டினேன். ஒன்றுகூட இரட்டிக்கவில்லை.

தனசேகரனிடம் எல்லாவற்றையும் காட்டினேன். பெருமூச்சு விட்டார்.

"சூப்பர் அமிர்தம். ஃபிக்ஸ போட்டுடலாம். ரிப்போர்ட்ல நெட்வொர்க் பிராப்ளம்னு எழுதுங்க, போதும்."

"அப்ப தைலம்மாள்?"

"அது அவங்க இன்டர்னல் விஷயம். நாம ஏன் போய் மாட்டிக்கணும்?"

மாட்டிக்கொண்டிருப்பது யார் சார்? கத்திவிட்டேன். "என் பேர்ல நான் எழுதிக் கொடுக்கிறேன். என்னை என்ன வேணா பண்ணிக்குங்க" என்று துண்டித்தேன்.

22-01-2024, திங்கள்

விசாரணை. சுப்புராயன் மேசைக்கு அந்தப் பக்கம். தைலம்மாள் அக்காவுக்கு நாற்காலிகூடப் போடவில்லை. நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை.

நான்கு பக்கம் தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். தப்பு நிரலில், நிரலை எழுதியது நான், கேட்டில் இருந்தவர் வந்த எண்ணை அச்சிட்டார், வேறெதுவும் செய்யவில்லை. மடிக்கணினியில் பழைய நிரலையும் புதிய நிரலையும் ஓட்டிக் காட்டினேன். சுப்புராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆள் கெட்டிக்காரர், சட்டென்று புரிந்துவிட்டது.

"அப்ப இனிமே இதுல தப்பே வராதும்மா? ஆள் கையே படாம, தானா நடந்தாலும்?"

"வராதுங்க. ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துட்டேன்."

"எழுதிக் குடுப்பியா?"

"தாராளமா எழுதித் தர்றேங்க."

அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் தைலம்மாள்மேல் தப்பில்லை என்று ஆலைத் தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்து, நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். வேடியப்பனுக்கு அடுத்த முறை முதல் எண் என்றும் சொன்னார். தைலம்மாள் அக்கா தாளை இரண்டு முறை படித்து, மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றால் விடவில்லை.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு.

29-01-2024, திங்கள்

தைலம்மாள் அக்கா போன் செய்தார். இன்றோடு கேட்டில் வேலை இல்லையாம்.

"மேனேஜரு நல்லாத்தான் பேசுனாரு. உன் மேல ஒண்ணும் இல்லம்மா, மிசினு சரியாயிடுச்சு, அந்தப் பொண்ணே எழுதிக் குடுத்துருச்சு, இனிமே டிரைவரே வந்து ஸ்கேன் பண்ணிக்குவான், ஆளு தேவயில்லன்னாரு. இன்னாத்தச் சொல்றது? முன்ன திருடின்னு அனுப்ச்சாங்க. இப்ப நல்லவள்னு அனுப்புறாங்க."

நானே எழுதிக் கொடுத்தேன். ஆள் கையே படாமல், என்று அவர் கேட்டபோது காது எங்கே போயிருந்தது? அவரைக் காப்பாற்றுகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு, அவர் வேலைக்கு நானே குழி தோண்டிவிட்டு வந்திருக்கிறேன். சுப்புராயனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மறுபடியும்.

"உட்ரும்மா" என்றார் தைலம்மாள் அக்கா, நான் அழுவது கேட்டு. "கரும்பு வெட்டு இன்னும் ரெண்டு மாசம் இருக்குது. அந்தக் காயிதம் வூட்ல பத்திரமா கீது."

31-01-2024, புதன்

டிரைவரே ஸ்கேன் செய்யும்படி கேட்டை மாற்றித் தரச் சொல்லி ஆலையிலிருந்து முறையாகக் கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம். தனசேகரன் வேலையைப் பிரித்துப் போட்டார். எனக்கு வந்தது: கேட் பயனர் எண் 07, தைலம்மாள், நீக்கவும்.

முடியாது என்று எழுதினேன். அழித்தேன். வேலையை விடுகிறேன் என்று எழுதினேன். வீட்டுக் கடனை நினைத்து அதையும் அழித்தேன். நான் செய்யாவிட்டால் இன்னொருவர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார், அப்புறம் எனக்கென்ன வீராப்பு என்று என்னிடமே வாதாடினேன். ஊரையெல்லாம் திட்டத் தெரிந்த வாய்.

மாலை ஐந்து மணிக்கு நீக்கினேன். பிழை எதுவும் வரவில்லை.