பச்சை டிக் விழுந்த ரிப்போர்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுதக் கை வரவில்லை. அதனால்தான் கடிதத்தை மாப்பிள்ளையின் ஆபீஸுக்கு அனுப்பி, நீ வேலையெல்லாம் முடித்து உட்கார்ந்த பிறகு கொடுக்கச் சொன்னேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

நம் லேபுக்கு ப்ரோகிராம் எழுத ஆள் தேடுகிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா. எதிர்ச்சாரியில் புதிதாக வந்தவன் ரத்தம் எடுத்த கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட்டைப் போனுக்கே அனுப்புகிறான், நம் ஆட்கள் பெஞ்சில் தவம் கிடக்கிறார்கள். கம்பெனிகளைக் கேட்டால் இவ்வளவு சின்ன வேலை எடுப்பதில்லை என்றார்கள். கடைசியில் நீ சொன்ன வெப்சைட்டில் தேடி, தனி ஆளாக வேலை எடுத்துச் செய்யும் ஒருவரைப் பிடித்தேன். "சின்ன வேலையா இருந்தாலும் எல்லாத்தையும் எழுதிக் குடுங்கப்பா" என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான் எழுதியது ஒரே வரி, மெஷின் முடித்ததும் ரிப்போர்ட் போனுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அவர் பதிலுக்கு இருபத்தெட்டுக் கேள்வி அனுப்பினார். உன் அம்மா அவருக்குக் கேள்வித்தாள் என்றே பெயர் வைத்துவிட்டாள். பத்தொன்பதாவது கேள்வி, அனுப்புவதற்கு முன் யாராவது பார்த்துச் சரி சொல்ல வேண்டுமா என்பது. எரிச்சலில் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன்.

முப்பத்தொரு வருஷமாக என் வழக்கம் உனக்குத் தெரியும். ரிப்போர்ட் மோசமாக இருந்தால் கவுண்டரில் நீட்ட மாட்டேன். பின்னறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் காகிதத்தை எடுப்பேன். எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்றும் எழுதிக் கொடுப்பேன். அதை நான் வேலையாகவே நினைத்ததில்லை பாப்பா. நினைத்திருந்தால் அந்த மனிதருக்கு எழுதியிருப்பேன்.

ப்ரோகிராம் தயாரானதும், முதலில் வீட்டு ஆள் ஒருவரை வைத்துச் சோதித்துப் பாருங்கள் என்றார். அப்போதுதான் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மாவின் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தேன். "ஓசியில கெடச்சா ரத்தத்தக்கூட விட மாட்டீங்களே" என்று கிண்டல் செய்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மெஷின் ஓடி முடிந்தது, ரிப்போர்ட் அவள் போனுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கம்ப்யூட்டரில் பச்சை டிக் விழுந்தது. நானும் டெக்னீஷியனும் கை தட்டினோம். டிக்கைத்தான் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் ப்ரோகிராம்காரரிடமிருந்து செய்தி வந்தது. சோதனைக்குப் போட்ட ரிப்போர்ட்டில் வெள்ளை அணு எண்பத்தாறாயிரம் என்று இருக்கிறது, சும்மா போட்ட எண்தானே, அழித்துவிடட்டுமா, ஆனால் யாரோ அதை நாற்பத்தொரு தடவை திறந்து பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். பதினோராயிரத்துக்கு மேல் போகக் கூடாத எண் அது. லேபைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் நம் ரிப்போர்ட்டெல்லாம் டைப் அடித்தவள் அவள்தானே, அவளுக்கா அந்த எண் புரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பின்னறையில ஒரு மொகத்த வச்சுக்கிட்டு உக்காருவீங்களே, அந்த மொகத்த வீட்ல பாக்க வேண்டாம்னு இருந்தேன்" என்றாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அன்றைக்கே மறுபடி ரத்தம் எடுத்து, ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் நானே பார்த்தேன். மெஷின் பொய் சொல்லவில்லை. ரத்தப் புற்றுநோய்தான் என்கிறார் பெரிய டாக்டர். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். "ஒம்பது நாள் முன்னாடியே வந்திருக்கலாமே" என்று அவர் கேட்டார். ப்ரோகிராம்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. மோசமான எண் வந்தால் நான் பார்த்த பிறகுதான் போக வேண்டும் என்று சொன்னேன், அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு சின்ன வேலை அது.

உனக்கு இப்போது சொல்ல வேண்டாம், அங்கே கிடந்து அழுவாய் என்று அம்மா தடுத்தாள். நான் கேட்கவில்லை. லீவு கிடைத்ததும் கிளம்பி வா, முடிந்தால் மாப்பிள்ளையையும் அழைத்து வா. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மாவிடம் பேசும்போது எதுவும் தெரியாதவள் மாதிரிப் பேசாதே. ஒன்பது நாள் என் எதிரே அவள் அப்படித்தான் நடித்தாள், எனக்குச் சோறும் போட்டாள்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா