தலைவியாக இல்லாத ஒன்பதாம் நாள்

அடியே, பக்கத்து வீட்டில் மல்லாட்டை அவிக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் வேகிற வாசம் ஜன்னல் வழியாக வந்து என்னை நேராக உன்னிடம் கொண்டுபோய் விட்டுவிட்டது. டவுனில் யாராவது வேர்க்கடலை என்றால், "மல்லாட்டைனு சொல்ல வாய் வலிக்குதா?" என்று சண்டைக்குப் போகிறவள் நீ. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

நம் சங்கத்துக்கு இப்போது நான் தலைவி இல்லை. போன வாரம் மாற்றிவிட்டார்கள். இன்றோடு ஒன்பது நாள், நான் சங்கத்துப் பக்கமே போகவில்லை.

நீயும் நானும் ஒரே வருஷம் அடி அண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். மல்லாட்டை மூட்டையோடு மண்டிக்குத் தனித்தனியாகப் போய், வியாபாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவோம். "ஒருத்தியா போனா ஒக்காருனு கூட சொல்ல மாட்டேங்கறான். இருபது பேரா போய் நிப்போம், நாற்காலி போடறானா இல்லியா பாரு" என்று நீ கிளப்பியதுதான் சங்கம். முதல் கூட்டத்தைப் பௌர்ணமியன்று வைத்தாய், அந்த நாளை யாரும் மறக்க மாட்டார்கள் என்று. யாரும் மறக்கவில்லைதான். ஆனால் அத்தனை பேரும் கிரிவலப் பாதையில் சுண்டலும் தண்ணீர் பாட்டிலும் விற்கப் போய்விட்டார்கள். பாயில் நீயும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். "சரி, நான் தலைவி, நீ செயலாளர். எல்லாரும் ஒத்துக்கினாங்கனு எழுதிக்கோ" என்றாய். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் விதை விஷயத்தில் நீ விளையாடவே இல்லை. அறுவடையானதும் ஆளுக்கொரு மூட்டை நல்ல காயாகப் பொறுக்கிச் சங்கத்தில் போட வேண்டும். ஆடிப் பட்டத்துக்கு அதைப் பிரிக்கும்போது யாருக்கும் அவளவள் மூட்டை திரும்பப் போகக் கூடாது. அடுத்தவள் மூட்டைதான் போக வேண்டும். எனக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "என் காய் ஒன் நெலத்துல மொளைக்கலனா நீ என்னைச் சும்மா உடுவியா? அந்த பயம் இருந்தாதான் சங்கம் நிக்கும்" என்றாய். மூட்டையில் பேர் எழுதினால் படிக்கத் தெரியாதவர்கள் கூசிப்போவார்கள் என்று, ஒவ்வொருத்தியும் தன் பழைய புடவைக் கரையைக் கிழித்து மூட்டை வாயைக் கட்டும்படி செய்தாய். எந்தக் கரை யாருடையது, அவள் நிலம் செம்மண்ணா மணலா, அந்தக் காய் யாருக்குப் போனால் நன்றாக வரும் என்பதெல்லாம் உன் தலைக்குள்தான் இருந்தது.

ஆறு வருஷம் கழித்து நான்தான் கேட்டேன், "எப்பவும் நீயேவா?" என்று. உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "எனக்கப்புறம் யாரு பாப்பாங்க?" என்றாய். "நான் பாக்கறேன்" என்றேன், வாய்க்கொழுப்பு. ஆளுக்கொரு மல்லாட்டை கொடுத்து, கதவுக்குப் பின்னால் இரண்டு சொம்பு வைத்து ஓட்டுப் போடச் சொன்னோம். எனக்குப் பத்து, உனக்கு ஒன்பது. ஒன்று குறைகிறதே என்று தேடினால், நீ மென்றுகொண்டிருக்கிறாய்! யோசனை வந்தால் கையில் இருப்பதை உடைத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஆள், உன் ஓட்டை நீயே தின்றுவிட்டாய். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, "தின்னது தின்னதுதான்" என்று எழுந்து போய்விட்டாய்.

அதன் பிறகு இத்தனை வருஷம் நானே இருந்தேன். மாற வேண்டும் என்று கத்தியவள் மாறவே இல்லை பார். போன வாரக் கூட்டத்தில் மேட்டுத்தெரு மருமகள், காலேஜ் படித்துவிட்டு இப்போது மாமியார் நிலத்தைப் பார்க்கிறவள், மெதுவாகத்தான் கேட்டாள்: "எப்பவும் நீங்களேதானா அத்தை?" எனக்கு வந்ததே கோபம்! "எனக்கப்புறம் யாருடி பாப்பீங்க?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அது யார் பேசிய பேச்சு என்று உறைத்தது. ஓட்டில் ஐந்து பேர்கூட என் பக்கம் இல்லை. "செய்ங்க, நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் மூன்று தரம் ஆள் அனுப்பிவிட்டாள். வானம் கறுத்துக்கொண்டிருக்கிறது, இரண்டு நாளில் விதை பிரித்தாக வேண்டும். அவளவளுக்கு அவளவள் கரைதான் தெரியும்; எந்தக் கரைக் காய் எந்த மண்ணுக்கு ஒத்து வரும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். நான் போகாவிட்டால் மணல் நிலத்துக் காய் எங்கே போகும், யாருக்கு எது முளைக்காமல் போகும், யார் யாரைச் சந்தேகப்படுவார்கள், எதுவும் சொல்ல முடியாது. இந்த ஒரு பட்டத்தில் சங்கம் உடைந்துபோகலாம். உடையட்டும், அப்போதுதான் என் அருமை தெரியும் என்று நான் ஆசைப்பட்டேனடி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

நீ தோற்ற மறுநாள் நடந்ததைத்தான் ஒன்பது நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்றாய். "இன்னாடி தலைவி, வெதை மூட்டைங்கள எப்போ பிரிக்கப் போறே? எது யாருதுனு ஒனக்கு ஒண்ணும் தெரியாது, வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். பொழுது சாயும் வரை ஒவ்வொரு கரையாகத் தொட்டுக் காட்டினாய். அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னது இதுதான்: "அவளுக்கு ரோஷமே கெடையாதுங்க."

என்னை மன்னித்துவிடு. ரோஷம் இருந்தால் எப்படி வலிக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

இன்று காலையிலிருந்து இரண்டு தரம் மேட்டுத்தெரு முனைவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அவள் வீட்டு வாசல் தெரிந்ததும் கால் நகர மாட்டேன் என்கிறது. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு தெருதான். அன்று அந்தத் தெருவில் நீ எத்தனை தரம் திரும்பிப் போனாய்? ஒரு நாளும் சொல்லவில்லையே.

செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மூன்றாவது தரம் கிளம்புகிறேன்.