சேதுக்கரைச் சாலையில் பிரேக் சோதனை

11 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பள்ளிக்கூடம் அரை நாள்தான்.

மச்சான் நேற்று ஒப்புக்கொண்டார். (என் வீட்டுக்காரரை இனி 'ம.' என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.) ஜனவரியில் கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் அவர் கார் ஓட்டலாம், நான் தடுக்க மாட்டேன். பதிலுக்கு பிரேக் விஷயம் முழுக்க என் முடிவு. சக்கரத்துக்குள் சுழலும் பிரேக் டிஸ்க், அது இரும்புத் தட்டா, செராமிக் தட்டா. "நீதான் கெமிஸ்ட்ரி டீச்சராச்சே, நீயே பாத்துச் சொல்லு" என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

துபாயை விட்டு ஒரேயடியாகக் கீழக்கரைக்கு வந்து இவர் வாங்கிய முதல் பொருள் வாஷிங் மெஷின் இல்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். வருஷத்தில் ஐந்தாறு நாள் டிராக்கில். மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டுக் கொட்டகையில், கடற்காற்றில். முன்சக்கரத் தட்டு இரண்டும் தேய்ந்து விளிம்பு கட்டிவிட்டது. 25ஆம் தேதிக்குள் ஆர்டர் கொடுத்தால்தான் ஜனவரிக்கு வரும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை:
– செராமிக் என்றால் என்ன செராமிக்? டீ கப்பும் செராமிக்தான், பாத்ரூம் ஓடும் செராமிக்தான்.
– நூறு தடவை மிதித்த பிறகும் அதே மாதிரி நிற்குமா?
– உப்புக்காற்று?
– கெட்டுப்போவதற்கு முன் சொல்லிவிட்டுக் கெடுமா? (இதுதான் முக்கியம்.)

மாடியில் மூன்று ஆணி வைத்திருக்கிறேன். ஒன்று சும்மா, ஒன்று நல்ல தண்ணீரில், ஒன்று கடல் தண்ணீரில்.

12 நவம்பர், புதன்

9-பி விடைத்தாள் கட்டு அப்படியே கிடக்கிறது. பிரேக் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் ஸ்டீல், ஸ்டீல் என்கிறார்கள். ஸ்டீல் இல்லை, வார்ப்பிரும்பு. ம.விடம் சொன்னேன். "ஏதோ ஒண்ணு, நின்னாச் சரி" என்றார். இந்த மனிதரை நம்பித்தான் டிராக்குக்கு அனுப்பப் போகிறேன்.

செராமிக்: கார்பன் நாரும் சிலிக்கன் கார்பைடும். எடை ஏறக்குறைய பாதி. துருப்பிடிக்காது. சூட்டில் பிடி விடாது. ஆனால் டிராக்கில் விடாமல் சூடேறினால் உள்ளே இருக்கும் கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோகும், வெளியே பார்த்தால் தெரியாது. கழற்றித் தராசில் வைத்து எடை போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். இந்த எடைக்குக் கீழே போனால் தூக்கிப்போடு என்று தட்டிலேயே பொறித்திருக்குமாம். இதைப் படித்ததும் ஒரு செராமிக் தட்டு கையில் கிடைக்காதா என்று ஏங்கிவிட்டேன். எடை போடுவதற்காக மட்டும்.

கல் தெறித்தால் விளிம்பு பெயரலாம். சக்கரம் கழற்றும்போது இடித்தாலும்.

இரும்பு: கனம், துரு, சூட்டில் மயிரிழை விரிசல். ஆனால் விரிசல் கண்ணுக்குத் தெரியும், நகத்தில் தட்டும். ஒரு செட் செராமிக் விலைக்குப் பல வருஷம் இரும்பு மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஆக, சொல்லிவிட்டுக் கெடுவது இரும்பு.

13 நவம்பர், வியாழன்

பள்ளி விட்டதும் ராமநாதபுரம், முருகேசன் அண்ணன் பட்டறை. லாரி, பஸ் பிரேக் டிரம் கடைகிற இடம். தன் காரைத் தொட ம. விடுகிற ஒரே ஆள் இவர்.

"செராமிக்க நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன் டீச்சர். பாக்காததப் பத்தி என்னத்தச் சொல்ல."

துருவைப் பற்றிக் கேட்டேன்.

"அது மேலாகத்தான் பிடிக்கும். ரெண்டு மிதி மிதிச்சா தட்டக் கவ்வுற பேடே வழிச்சு எடுத்துரும். இதுக்குப் போயி பயப்படுறீக. மாசக்கணக்கா நிப்பாட்டிப் போட்டாத்தான் வம்பு. வாரம் ஒருக்கா சார வண்டிய வெளிய எடுக்கச் சொல்லுங்க."

பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாத மெக்கானிக். ரொம்பப் பிடித்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் பின் சீட்டில் ஒரு குரல், ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து விவசாயி போல: "வெதச்சாச்சு, இனி கம்மாய் பாடு, மழை பாடு." குடை மறந்து பட்டறையிலேயே வைத்துவிட்டேன்.

14 நவம்பர், வெள்ளி

வெயில். கடல் தண்ணீர் ஆணி செங்கல் நிறம். சும்மா வைத்த ஆணியே மங்கிவிட்டது, அதுதான் ஆச்சரியம். காற்று மட்டுமே போதும் போல.

என்னைப் பெற்ற வாப்பா ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து வாராவாரம் போல எண்ணெய் டப்பாவோடு ஒரு சுற்று. கேட்டு, கிணற்று உருளை, ஜன்னல் கொக்கி, என் தையல் மிஷின். முப்பது வருஷம் லாஞ்ச் படகு என்ஜினோடு கிடந்தவர். தன் வீட்டில் எங்கே துரு கண்டாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"மாப்பிள்ளை கார் முன்சக்கரத்துக்குள்ள அந்தத் தட்டு செவந்து போயிக் கெடக்கே, என்னம்மா அது?"

வகுப்பே எடுத்துவிட்டேன். கடைசியில், "எனக்கு இரும்புதான் பிடிச்சிருக்கு வாப்பா. துரு ஒண்ணுதான் அதுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்குது" என்றேன்.

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"அவருக்கு செராமிக் மேலதான் ஆசை."

ம்ம் என்றார். மாப்பிள்ளையிடம் இவர் நேராகப் பேசுவது சலாமும் "சாப்பிட்டீங்களா"வும்தான். அந்தக் காரில் இதுவரை ஏறியதும் இல்லை. தரையோடு தரையாக இருக்கிறதாம், மரியாதையான மனுசன் ஏறுகிற வண்டியா இது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

16 நவம்பர், ஞாயிறு



விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து சேதுக்கரைச் சாலை. ஆளில்லை. போன ஞாயிறு, பேரம் முடியும் முன்பே, அங்கே வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் மிதித்தால் அன்று என் காலடியில் 21 எட்டில் நின்றது. ஒரு வாரத் துருவோடு எத்தனை எட்டு என்று பார்ப்பது இன்றைய சோதனை. தெருமுனையிலேயே பிடி சரியில்லை என்றார் ம. "துருதான், ரெண்டு மிதியில சரியாப் போயிரும்" என்றேன் நான்.

நான் கீழே நின்று அளப்பதாகத்தான் ஏற்பாடு. உள்ளே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஆசை. ஏறிவிட்டேன்.

கோடு வந்தது. மிதித்தார். கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.  சாலை வளைந்தது, நாங்கள் வளையவில்லை. மணலில் இறங்கி, கருவேல முள் கண்ணாடியைக் கீற, மணல்தான் நிறுத்தியது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

53 எட்டு. அழுதுகொண்டே அளந்தேன்.

ம. முகத்தில் ரத்தமே இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார். அப்புறம்: "பாத்தியா, இரும்பு கைவிட்டுருச்சு. செராமிக்கே போட்டுருவோம்."

முன்சக்கரத்திலிருந்து புகை. அதில் ஒரு வாடை. துருவுக்கு அந்த வாடை கிடையாது.

முதல் கியரில் ஊர்ந்து வீடு. டயர் மணலில் சிக்கிவிட்டது என்று வாப்பாவிடம் ம. சொன்னார். நானும் தலையாட்டினேன்.

17 நவம்பர், திங்கள்

ஆறாம் வகுப்புப் பாடம்: நிலக்கடலையை வெள்ளைத் தாளில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், எண்ணெய் பட்ட இடம் ஒளியை ஊடுருவ விடும்.

தாளைச் சக்கரத்து இடைவெளியில் விட்டுத் தட்டின் உள்விளிம்பில் துடைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். ஒளி விட்டது. முன்சக்கரம் இரண்டிலும். பின்சக்கரங்களில் இல்லை.

எங்கள் வீட்டில் இரும்புக்கு எண்ணெய் போடுகிறவர் ஒருவர்தான்.

ஆக, சோதனை செல்லாது. இரும்பு தோற்கவில்லை. இதை எழுதும்போது ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது.  வாப்பா பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

18 நவம்பர், செவ்வாய்

மழை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பீக்கர் உடைத்தேன்.

சொல்லாவிட்டால்: ம. செராமிக் வாங்குவார், தவறான காரணத்துக்காக. வாப்பா அடுத்த வெள்ளியும் டப்பாவோடு வருவார்.
சொன்னால்: தன் கையால் மாப்பிள்ளையைக் கொல்லப் பார்த்தோம் என்று வாப்பாவுக்குத் தெரியும்.

கடையில் வாங்க: வெண்டைக்காய், இஞ்சி, டீத்தூள்.

20 நவம்பர், வியாழன்

ம. ஃபோனில் செராமிக் விலை பேசுவது காதில் விழுந்தது. தாங்கவில்லை. தாளைக் கொண்டுபோய் நீட்டினேன்.

பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். அந்த வாடையிலேயே தெரிஞ்சுபோச்சு."

"பெறகு ஏன் இரும்பு மேல பழியப் போட்டீங்க?"

"வேற யாரு மேல போடச் சொல்ற? மாமா வீட்டுல இருந்துக்கிட்டு மாமாவையே எப்படிச் சொல்றது? செராமிக் போட்டா துருவே வராது. அவங்களும் தொட மாட்டாங்க. யாரும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

பிரேக் பற்றி இத்தனை படித்தும் எனக்குக் கிடைக்காத காரணம். செராமிக்கின் முதல் நன்மை, மாமனாரைக் காப்பாற்றும். கோபமும் வந்தது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. நான் கல்யாணம் செய்தபோது இவருக்கு இவ்வளவு நல்ல மனசு என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. செராமிக் தட்டு போட்டாலும் பேடு இரும்புத் தகட்டில்தான் உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங், போல்ட்டு, எல்லாம் துருப்பிடிக்கும். அடுத்த தடவை டப்பா எங்கே போகும்?

"நானே சொல்றேன்" என்றேன். "வேணாம்" என்றார். "பிரேக் விஷயம் என் முடிவு" என்றேன்.

21 நவம்பர், வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்து வாப்பா டப்பாவை எடுக்கும் முன் பிடித்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார வைத்து, எல்லாம் சொன்னேன். எண்ணெய் பட்டுத் தட்டு வழவழப்பாக இருந்தால் பேடு பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை கார் நிற்கவில்லை. மணல்தான் நிறுத்தியது.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"துரு இல்லேன்னா மாப்பிள்ளை இரும்புக்கு ஒத்துக்குவாருன்னு நெனச்சேன். நீ ஆசப்பட்டியேம்மா."

 அவராகக் கேட்டார்.

"நீயும் உள்ள இருந்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருந்தேன்" என்றேன்.

எழுந்து போய்விட்டார். மத்தியானச் சாப்பாடு தொடவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போனவர் இருட்டி, மஃரிபு தொழுகையும் முடிந்துதான் வீடு வந்தார். சொன்னது சரிதான். சரி என்று தெரிந்தும் இவ்வளவு வலிக்கிறது.

22 நவம்பர், சனி

முருகேசன் அண்ணன் வீட்டுக்கே வந்தார், என் குடையோடு. முன் பேடு புதுசு. தட்டைச் சுத்தமாகத் துடைத்துக் காட்டினார். "எண்ணெ குடிச்ச பேடு ஆகாது டீச்சர், தூக்கிப் போட்டுருங்க" என்று மட்டும் சொன்னார். எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. ஆள் தங்கம்.

முடிவு: இரும்பு. காரணம் மூன்று. நகத்தில் தட்டும்படி கெடுகிறது. டிராக்கில் தேய்ந்தால் வருத்தமில்லாமல் மாற்றலாம். எங்கள் ஊர்த் துரு, வாரம் ஒருமுறை வெளியே எடுத்தால் தானே போய்விடும். செராமிக் தட்டு எடை போடும் ஆசை மட்டும் பாக்கி. நாளைக்குப் பழைய தட்டிலேயே ஒருமுறை அளந்துவிட்டு ஆர்டர் கொடுப்பதாக ம. சொன்னார். முகம் வாடித்தான் இருந்தது, ஆனால் சண்டை போடவில்லை.

 வாப்பா அறையில் இன்று ரேடியோ இல்லை.

23 நவம்பர், ஞாயிறு

மேகம், ஆனால் மழை இல்லை. சுபுஹு முடிந்து கொட்டகைக்குப் போனால் காருக்குப் பக்கத்தில் வாப்பா. வெள்ளைச் சட்டை, தொப்பி, பெருநாளைக்குக் கிளம்பியவர் மாதிரி. ம.வைப் பார்த்து நேராக, "நானும் வாரேன் மாப்பிள்ளை" என்றார்.

"ரெண்டு சீட்டுதான் வாப்பா" என்றேன்.

"தெரியும். நீ ஸ்கூட்டர்ல வா. இது நிக்கிதான்னு நான் உக்காந்து பாத்துட்டுத்தான் நீ ஏறணும்."

ம. கதவைத் திறந்தார். மரியாதையான மனுசர், ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக் குனிந்து, தரையோடு தரையாக உள்ளே போனார்.

சேதுக்கரைச் சாலை. கோட்டுக்குப் பக்கத்தில் நான். தூரத்தில் சத்தம். நெருங்க நெருங்கக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த வெள்ளைத் தொப்பி. கண்ணை மூடவில்லை அவர். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கோடு. மிதி.

20 எட்டு.

நான் அளந்துகொண்டு போவதற்குள் வாப்பா ம.விடம் ஏதோ சொன்னார், கார் திரும்பிப் போனது. மறுபடியும். 21. இறங்கவில்லை. மூன்றாவது தடவை. 20. அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. இறங்கும்போது ம. ஓடிவந்து கை கொடுத்தார், பிடித்துக்கொண்டார். கதவை மூடவிடாமல் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"இப்ப ஏறும்மா."