பானட்டைத் தூக்கியது நான்தான்

இராயப்பன்பட்டி
24 ஜனவரி

அன்பு மகன் இமானுவேலுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான், உன் அம்மா, உன் மனைவி ஷெரின் மூவரும் சுகம், வண்டியும் சுகம். துபாயில் உன் உடம்பு எப்படி? போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் காகிதம்.

பழைய காரை விற்றுவிட்டு ஷெரினையும் வேலையை விடச் சொல்லுங்கள் என்றாய். உன் கோபம் நியாயம்தான். பனியில் வண்டி காலையில் இருமி இருமி நின்றது, குமுளிக்கு மேலே இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அவள் பஸ் மாறிப் போவதற்குள் மணி அடித்துவிடும், இன்னொரு நாள் பிந்தினால் வரவே வேண்டாம் என்று தலைமையாசிரியரும் சொல்லிவிட்டார். ஆனால் குற்றம் உன் அப்பன் மேல்தான். புத்தாண்டன்று கோயில் வாசலில் பங்குச்சாமி தீர்த்தம் தெளித்து வண்டிகளை மந்திரித்தபோது, உள்ளே பிடித்த பிணி உள்ளேயே தீரட்டும் என்று பானட்டைத் தூக்கிப் பிடித்து, சாமி நல்லாத் தெளிங்க என்று வேறு சொன்னேன். அன்றோடு வண்டி படுத்தேவிட்டது.

போன சனிக்கிழமை ஷெரின் முந்தானையைச் செருகிக்கொண்டு பானட்டுக்குள் தலையை விட்டாள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற மூடியில் கீறல், உள்ளே ஈரம். அவள் சிரிக்கவில்லை. தீர்த்தத்து மேல குத்தமில்ல மாமா, மூடிதான் கீறிக் கெடக்கு என்றாள். என்னைக் கம்பத்துக்கு விரட்டிப் புது மூடி வாங்க வைத்தாள். பிளக்குகளைத் துடைத்து மாட்டினாள். எஞ்சின் சூடானதும் அதன்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, காதைக் கொடுத்துக்கொண்டே கார்புரேட்டர் திருகை இம்மி இம்மியாகத் திருப்பினாள், தண்ணீர் அலையாமல் நிற்கும்வரை விடவில்லை. அவள் அப்பா ஜீப் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் என்று பெண் பார்த்தபோது முகம் சுளித்தவன் நான், இப்போது வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை விடிகாலை நல்ல பனி. சோக்கை முழுசா இழுங்க, ஆக்சிலேட்டரைத் தொடாதீக மாமா என்று உத்தரவு. முப்பது வருசம் டிராக்டர் மிதித்த கால் சும்மா இருக்குமா? முறைத்தாள், காலை எடுத்துக்கொண்டேன். சாவியை ஒரே திருப்புதான், எஞ்சின் பிடித்துக்கொண்டது. குளிருக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற அந்தச் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளத் தள்ள, சோறு கொதிக்கிற மாதிரி சீரான சத்தம். உன் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். இந்த ஐந்து நாளும் ஷெரின்தான் பள்ளிக்கூடத்துக்கு முதல் ஆள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளக் துடைத்துக் கரி படிந்த தாள் ஒன்று குப்பையில் கிடந்தது, பிரித்துப் பார்த்தேன். நீ சொன்னாய் என்று அவள் எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதம் அது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி அந்தப் பேச்சை நீ எடுக்காதே அய்யா.

ஆண்டவர் உன்னைக் கண்போலக் காக்கட்டும். இந்தக் காகிதம் கிடைத்ததும் வருகிற திங்கட்கிழமை காலை இங்கே மணி ஆறாகும்போது அவளுக்குப் போன் போடு, அங்கே இன்னும் விடியவில்லை என்று சாக்குச் சொல்லாதே. வண்டி கிளம்புகிற சத்தத்தை முதலில் கேள், அப்புறம் பேசு.

ஆசீருடன்,
உன் அப்பா
மரிய ஜோசப்