ஒரே பனியில் கரடியும் பென்குவினும்

மஹய்யாவ, கண்டி
2025 ஜனவரி 6

அன்புள்ள றலியா டீச்சருக்கு,

நம் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கம் மூன்று தடவை கூடி, மூன்று தடவையும் தேநீர் குடித்து, வரலாற்று முக்கியத்துவமுள்ள ஒரு முடிவை எடுத்திருக்கிறது. வெள்ளைக் கரடியும் பென்குவினும் இனி ஒரே பனியில் நிற்கக் கூடாது.

நாலாம் வகுப்புச் சுவரைத்தான் சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை நாம் இருவரும் அதைக் காட்டித்தானே துருவ விலங்குகள் பாடம் நடத்தினோம். நான் கரடியாக உறுமுவேன். நீங்கள் கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு பென்குவின் நடை நடப்பீர்கள். பிறகு கரடியும் பென்குவினும் கைகுலுக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

மாநகர சபையில் போர்டு எழுதிய என் வீட்டுக்காரர், மேசைமேல் மேசை போட்டு ஏறி வரைந்த கரடி அது. கீழே நின்று நீங்கள் மூன்று பென்குவின் போட்டீர்கள். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. ஊரில் அவர் வரைந்ததில் மிஞ்சியது அந்தக் கரடிதான்.

புது அதிபர் ஜனகன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஒண்டு வடதுருவம், மற்றது தென்துருவம். ரெண்டும் ஒண்டா நிக்கேலாது டீச்சர். எதை அழிக்கிறதெண்டு நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுங்கோ" என்கிறார். நீங்கள் தென்துருவத்துக்கே போயிருப்பதால் கேட்கிறேன், அங்கே கரடியே இல்லையா?

உங்கள்,
பரிமளம்


கப்பலில் இருந்து
2025 ஜனவரி 13

அன்புள்ள பரிமளம் டீச்சருக்கு,

கையால் எழுதுகிறேன். மகன் அர்கம் போட்டோ எடுத்து அனுப்புவான். இங்கே இன்டர்நெட் கண்டி பஸ் மாதிரி, வந்த நேரம் ஏறிக்கொள்ள வேண்டும்.

முதல் நாளே வழிகாட்டிப் பெண்ணிடம் கரடி எங்கே என்று கேட்டேன். உலகத்தின் மற்ற முனையில் என்றாள், சிரிக்காமல். டாக்டர் அர்கம் என்னைத் தெரியாதவன்போலத் திமிங்கிலத்தின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் நாலாம் வகுப்பில் நம்மிடம் படித்தவன்தான். நான் கேட்டிருக்காவிட்டால் அவன் கேட்டிருப்பான்.

பென்குவின் தீவில் இறங்கினோம். நாற்றம், பெருநாள் லீவு முடிந்து கட்டுகஸ்தோட்டை மீன்கடையைத் திறந்த மாதிரி. ஒன்று கூட்டுக்குக் கல் தேடிப் போகிறது. அது திரும்புவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் இதன் கல்லை எடுத்துக்கொண்டு போகிறார். எல்லைச் சண்டை அசல் எங்கள் ஊர் மடவளைதான். ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று எங்களுக்குச் சட்டம். அவைகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்று என் பூட்ஸ்வரை நடந்து வந்தது. அந்த நடையைக் கண்டதும் என் கைகள் தாமாக விலாவோடு ஒட்டிக்கொண்டன. எதிரே நின்று உறுமத்தான் ஆளில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பயணம் முடிந்ததும் அர்கத்தோடு மெல்பனுக்குப் போகிறேன். இனி அங்கேதான். மடவளை வீட்டை விற்கப் பேசியாயிற்று. கண்டியில் உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை.

உங்கள்,
றலியா


மஹய்யாவ
2025 ஜனவரி 16

அன்புள்ள றலியா டீச்சருக்கு,

வீட்டுச் செய்தி தெரிந்தது. சந்தோஷம். எழுதியிருப்பதால் நீங்கள் அதை நம்ப வேண்டும்.

பெருநாளைக்கு இனிப்பு வட்டிலப்பம் கொண்டுவர ஆளில்லை என்பதால் என்னைப் பார்க்கும் டாக்டர் சந்தோஷப்படுவார், எனக்குச் சீனி கூடவாம்.

சுவர் விஷயத்தை நாளைக்கே அதிபரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் திமிங்கிலம், சீல் எல்லாம் பாருங்கள். காதை மூடிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பனி ஒத்துக்கொள்ளாது.

பரிமளம்


கப்பலில் இருந்து
2025 ஜனவரி 20

அன்புள்ள டீச்சர்,

நான்கு நாளாக இன்டர்நெட் இல்லை. உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. நானோ இன்டர்நெட் போவதற்கு முன்பே அர்கத்தைக் கொண்டு ஜனகன் சேருக்கு ஈமெயில் போட்டுவிட்டேன், பென்குவின்களை அழியுங்கள் என்று. கோபிக்க வேண்டாம். அழகமுத்து அண்ணன் இனி ஒரு கரடி வரைய மாட்டார். நான் இங்கே ஆயிரக்கணக்கில் பென்குவின் பார்த்துவிட்டேன், சுவரில் மூன்று குறைந்தால் குறையட்டும்.

நான் வரைந்ததில் ஒன்றுக்கும் கழுத்தில்லை என்று அண்ணன் சிரிப்பாரே. இங்கே நின்றுகொண்டிருக்கும்போது எதற்கும் கழுத்துத் தெரியவில்லை. அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

உங்கள்,
றலியா


மஹய்யாவ
2025 ஜனவரி 22

அன்புள்ள றலியா டீச்சருக்கு,

வெள்ளிக்கிழமை காலையே போய்க் கரடியை அழிக்கச் சொல்லிவிட்டேன். அவரை நினைக்க எனக்குச் சுவர் வேண்டாம், அலுமாரி நிறைய அவர் சட்டைதான். மடவளை வீடும் போனபிறகு, கண்டியில் உங்களுடையது என்று இருப்பது அந்த மூன்றும்தான் என்று நினைத்தேன்.

ஜனகன் சேர் மரியாதை தெரிந்தவர். "ரெண்டு பேரும் மூத்த டீச்சர்மார். ஒராளின்ர சொல்லைத் தட்டிப்போட்டு மற்றவவின்ர சொல்லைக் கேக்கேலாதுதானே" என்றார்.

நேற்றுப் பெயின்ட் அடித்தார்கள். சுவர் முழுக்க வெள்ளை. நடுவில் வகுப்பு நேரசூசி ஒட்டியிருக்கிறது.

பரிமளம்