பரணில் ஏறிய மூச்சு மெசின்

ஜனவரி 19
திராட்சைக்கு மருந்தடிக்க ஆள் வரவில்லை. வீட்டுக்காரரே அடித்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு மூச்சு மெசினை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தார். புளி கேட்டு வந்த பக்கத்து வீட்டு மொக்கம்மாள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். "ஆத்தாடி! ஒங்க வீட்டுக்காரவுகளுக்கு என்ன ஆச்சு?" தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இது காற்றைத் தள்ளிவிடும், அவ்வளவுதான் என்றேன். எங்கே காதில் வாங்கினாள்?

ஜனவரி 20
பிரட். ஆரஞ்சு. மறுபடியும் பிரட். எங்கள் ஊர் ஓடைப்பட்டியே ஆள் பார்க்க வந்துவிட்டது. ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பிரட்டை மாட்டுக்கு வைத்தேன்.

ஜனவரி 21
மகள் யுவராணியைப் பேசி முடிக்க ஆண்டிபட்டியிலிருந்து வரப்போகிறார்கள். அவர்கள் காதுக்கு இது போய்விடும் என்று அவருக்குப் பயம். "அப்பன் மெசின்ல மூச்சு விடுறான்னா மகள எவன்டி கட்டுவான்?" மெசினைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். கல்யாணம் முடிகிற வரைக்குமாம்.

என் அண்ணன் ஒச்சாண்டியும் தன் மெசினை இப்படித்தான் பரணில் போட்டான். போன ஆடியில் ஒரு நாள் விடிந்தும் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம்தான் இவரைத் தேனிக்குக் கூட்டிப்போனேன். "தினமும் போடுறவங்க கூடுதல் காலம் உயிரோட இருக்குறதத்தான் ஆராய்ச்சியில பாக்குறோம், விட்டுறாதீங்க" என்றார் டாக்டர். நானும் பக்கத்தில்தானே இருந்தேன்? அதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை.

ஜனவரி 27
பழைய குறட்டை. நடுவில் நிற்கிறது. தோளைப் பிடித்து உலுக்குகிறேன். "என்னடி?" "ஒண்ணுமில்ல, திரும்பிப் படுங்க."

பிப்ரவரி 2
ஆண்டிபட்டிக்காரர்கள் வந்தார்கள். எல்லாம் பேசி, பிடித்துப்போய், பந்தியிலும் உட்கார்ந்து கை நனைத்துவிட்டார்கள். இனி மாற்றமில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அப்பா சுயம்புலிங்கம் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் சாய்ந்தார். குறட்டை. எல்லோரும் சிரித்தார்கள். சட்டென்று நின்றது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, சத்தம் இல்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

எப்படி வாய் திறந்தேன்? தெரியவில்லை. "அண்ணே, எந்திரிங்க! ஒங்களுக்கு மூச்சு நிக்குது. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் இதுதான். மெசின் வச்சிருக்கோம், டாக்டரப் பாருங்க."

அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். அவர் மனைவி முத்துமாரியம்மாள் எழுந்தாள். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல என்ன பேச்சு பேசுறீக?"

பிப்ரவரி 4
போன் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். கை நனைத்த பிறகு என்னங்கடா ஜாதகம்?

அவர் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். யுவராணி ஏணியைப் போட்டு மெசினை இறக்கினாள். அதன் தண்ணீர் டப்பாவைக் கழுவி நிரப்பினாள். "போடுங்கப்பா. இதுக்குப் பயந்து போறவுக போகட்டும். கல்யாணத்துக்கு நீங்க இருக்கணும்ல?"

மாட்டிக்கொண்டார். கண்ணை மட்டும் மூடவில்லை.

பிப்ரவரி 5
தூங்கினார். நானும்.

மார்ச் 9
முத்துமாரியம்மாள் போனில் கூப்பிட்டாள். குரல் உள்ளே போயிருந்தது. "மதினி, அந்த மெசின எங்கன வாங்குனீக? இவுக கார் ஓட்டுறப்பவே கண்ணசந்து வேலிக்குள்ள விட்டுட்டாக. அடி ஒண்ணுமில்ல. மதுரையில டாக்டரும் நீங்க சொன்னதையே சொல்லிட்டாக. ஊருல மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீக."

தேனியில் வாங்கிய கடையைச் சொன்னேன். கல்யாணப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"யாரு வந்து என்ன சொன்னாலும் பரண்ல ஏத்திராதீக மதினி. எங்கண்ணன்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஓவென்று அழுதேன். ஆடியிலிருந்து வராதது எல்லாம் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, போய் அணைக்கக்கூட இல்லை.

"அழுதுருங்க மதினி" என்றாள் முத்துமாரியம்மாள். நான் முடிக்கிற வரைக்கும் போனை வைக்கவில்லை.